பிவிசி பைப்புல நேய்: இப்போதைக்கு எங்க நிக்குது

குழாய் ரெடி, சத்தமும் ஒரு மாதிரி வந்துடுச்சு. ஒஸ்மானியர் காலத்து மெவ்லெவிங்கிற சூஃபி தர்வீஷ்களோட தைக்காக்கள்ல (மடம் மாதிரி) ஸமாங்கிற சுழல் சடங்கு நடக்கும்போது ஊதுற குழல்தான் நேய், அசல்னா நாணல்ல ஒம்பது கணு விட்டு வெட்டி, எருமைக் கொம்புல கடைஞ்ச வாய்த்துண்டை மேல செருகுவாங்க, நமக்கு பிளம்பிங் கடை பைப்புதான்.

அளவுக் கணக்கு செம. மொத்த நீளத்தை 26 சமபாகமா பிரிச்சு கீழ இருந்து 4, 5, 6, அப்புறம் 8, 9, 10ன்னு முன்பக்கம் ஆறு ஓட்டை, பின்னாடி கட்டைவிரலுக்கு 13ல, அதாவது சரிபாதியில ஒண்ணு. நான் 78 செ.மீ. வெட்டிக்கிட்டேன், ஒரு பாகம் 3 செ.மீ., கோடு போட சுலபம். சின்ன டிரில் பிட்ல ஆரம்பிச்சு பெருசாக்கி, உள்பக்கப் பிசிறையெல்லாம் சாண்ட் பேப்பர் சுருட்டி தேய்ச்சேன், மேல் விளிம்பை வெளிப்பக்கமா சரிவா ராவியாச்சு.

ஊதுறதுதான் படுத்துது. புல்லாங்குழல் மாதிரி பக்கத்துல ஓட்டை கிடையாது, மேல் விளிம்புலேயே உதட்டை வெச்சு குழலை சாய்ச்சுப் பிடிக்கணும், ஒரு நூல் நகர்ந்தாலும் வெறும் காத்துதான். கீழ் ஸ்தாயி இப்போ நிக்குது, கொஞ்சம் அழுத்தினா மேல தாவிடுது.

கூடவே தாளமும் பழகுறேன். அந்தக் காலத்துல சொல்லிக்குடுத்த மாதிரியே தொடையில தட்டித்தான், வலது கை தட்டு தூம், இடது கை தட்டு தெக். தர்வீஷ்கள் மூணு சுத்து நடந்து வர்றப்போ வாசிக்கிற பெஷ்ரெவ்ங்கிற முன்னிசை 28 எண்ணிக்கை, அப்புறம் ஸலாம்னு சொல்ற சுழல் பகுதிகள்ல ரெண்டாவது 9. நம்மாளுங்க ஸமாவை மெய்மறந்து சுத்துறதுன்னு நினைக்கிறாங்க, ஆனா இடது கால் தரையை விட்டு எழாம சுத்தணும்னு பலகையில ஆணி அடிச்சு, அதைக் கால் விரலிடுக்குல வெச்சு உப்பு தூவிப் பழக்குவாங்களாம், மறக்குறதுக்கு எங்க நேரம்! தர்வீஷா சேர வர்றவன் முதல்ல தைக்கா சமையல்கட்டுல 1001 நாள் வேலை செய்யணும்னு இருந்துச்சு. இசையமைப்பாளர் இஸ்மாயில் தெதே எஃபெந்தி இஸ்தான்புல் யெனிகாப்பு தைக்கால அந்தக் கெடு முடியறதுக்குள்ளேயே போட்ட பாட்டு சுல்தான் மூணாம் செலிம் காதுக்குப் போய் அரண்மனைக்குக் கூப்பிட்டுட்டாங்க. செலிமே இசை போடுற ஆளு, சூஸிதிலாராங்கிற மக்காம்ல (நம்ம ராகம் மாதிரி) ஒரு முழு ஆயினே, அதாவது ஸமாவுக்கான முழு இசைக்கோர்வையே, அவர் போட்டது. இத்தனை செல்வாக்கா இருந்த தைக்காக்களை 1925ல துருக்கி குடியரசு ஒரே சட்டத்துல மூடிடுச்சு, 1491ல தொடங்கின இஸ்தான்புல் கலதா தைக்கா இப்போ மியூசியம்.

அந்த சூஸிதிலாரா ஆயினைத்தான் இப்போ ஓட விட்டு தட்டிட்டிருக்கேன், 28ல பாதிக்கு மேல போனா கை தனியா போகுது, ஊதிக்கிட்டே காலால தட்டிப் பார்க்கலாம்னு அடுத்த யோசனை.