பழைய பில்லை எடுத்துத் தரும் வேலை: டிபி-300 தேர்வுக்குப் படித்த விதம்

எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளையும், அஸூர் என்ற மேகக் கணினிச் சேவையில் உள்ள அதன் வடிவங்களையும் பராமரிப்பவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நடத்தும் தேர்வு டிபி-300. தேர்ச்சிக்கு 1000-க்கு 700 வேண்டும். இது எடை போட்டுக் கணக்கிடும் மதிப்பெண் என்பதால் பத்துக்கு ஏழு சரியாக எழுதினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட்டு வராதீர்கள்.

நான் வேலை பார்ப்பது ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில். பில்லிங், சரக்கு இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. அது ஆண்டுக்கு ஆண்டு வீங்கிக்கொண்டே போகிறது. இத்தகைய வேலையில் இருந்துகொண்டு தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். படிப்பவர்களில் பெரும்பாலோர் அஸூர் தளத்தில் எந்தப் பட்டன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்கிறார்கள். பட்டன்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. நான் பாடத்திட்டத்தை ஒரே கேள்வியோடுதான் படித்தேன்: கணக்கர் வந்து, "தம்பி, நாலு வருஷத்துக்கு முந்தைய பில் ஒன்று வேண்டும், ஆடிட்டர் கேட்கிறார்" என்றால் அதை எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் எடுத்துத் தருவேன்? பேக்கப், பழைய தரவைப் பிரித்து வைத்தல், பாதுகாப்பு, செலவு ஆகிய எல்லாமே இந்தக் கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

சிறு நிறுவனங்கள் பலவற்றில் ஓடுவது எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ். 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஆடித் தள்ளுபடி நேரத்தில் இந்த எல்லை வந்து முட்டியது. பில் போட்டால் சேமிக்கவில்லை; திரையில் 10240 எம்பி என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி. ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் லாக் கோப்பு இந்த எல்லையில் சேராது என்பதால் அதைச் சுருக்கிப் பயனில்லை. எது இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்க்க, சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் தரவுத்தளத்தின் மேல் வலது கிளிக் செய்து, பெரிய அட்டவணைகளைக் காட்டும் அறிக்கையைத் திறந்தோம். பில் அட்டவணை நான்காவது இடத்தில்தான் இருந்தது. முதலிடத்தில் இருந்தவை லாரி ரசீதுகளின் ஸ்கேன் படங்கள். மென்பொருள் செய்தவர்கள் அவற்றை அப்படியே அட்டவணைக்குள் திணித்திருந்தார்கள்.

இந்த ஒரு சம்பவத்திலிருந்தே தேர்வின் பல பக்கங்களைப் படித்துவிடலாம். படங்களை ஃபைல்ஸ்ட்ரீம் முறையில், அதாவது அட்டவணைக்கு வெளியே தனிக் கோப்புகளாக வைத்தால் எக்ஸ்பிரஸின் 10 ஜிபி எல்லையில் அவை கணக்காவதில்லை. இன்றைக்கு அது நல்ல வழிதான். நாளைக்கு முதலாளி எல்லாவற்றையும் அஸூருக்கு மாற்றச் சொன்னால்? ஒற்றைத் தரவுத்தளமாகக் கிடைக்கும் அஸூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஃபைல்ஸ்ட்ரீமை ஏற்காது, முழு சர்வராகக் கிடைக்கும் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸும் ஏற்காது. மெய்நிகர்க் கணினியில் எஸ்க்யூஎல் சர்வரை நிறுவினால்தான் உண்டு. தேர்வில் திரும்பத் திரும்ப வருவது இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விதான். இரவில் தானாக ஓடும் ஏஜென்ட் வேலைகள் இருக்கின்றன, ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றைத் தொட்டு வினவுகிறார்கள், சர்வர் பராமரிப்பை மட்டும் மைக்ரோசாஃப்டிடம் விட்டுவிட வேண்டும் என்றால் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ். ஒற்றைத் தரவுத்தளம், புதிதாக எழுதிய செயலி என்றால் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ். அங்கே ஏஜென்ட் கிடையாது, எலாஸ்டிக் ஜாப்ஸ் போன்ற வேறு வழி தேட வேண்டும். இயங்குதளம் வரை கை வைக்க வேண்டும் என்றால் மெய்நிகர்க் கணினி. கேள்வி ஒரு பக்க நீளம் இருக்கும். அதில் விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓர் அரை வரிதான். நிறுவனத்தின் வரலாற்றை வேகமாகத் தாண்டி, தேவைகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

அடுத்தது பழைய தரவு. பேக்கப் எடுத்து வைப்பதும், பழைய கணக்கைத் தனியே பிரித்து வைப்பதும் ஒன்று என்று எண்ணுவோர் நம் அலுவலகங்களில் ஏராளம். எட்டு ஆண்டு பேக்கப் கோப்புகள் ஹார்டு டிஸ்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு பில்லைப் பார்க்க வேண்டுமென்றால் முழுத் தரவுத்தளத்தையும் ரீஸ்டோர் செய்து மீட்டெடுக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், ஏற்ற பதிப்பில் ஒரு சர்வர் வேண்டும், பாதி நாள் வேண்டும். அஸூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் குறித்த ஒரு நேரத்துக்குத் திரும்பிச் செல்லும் வசதி இயல்பாக 7 நாட்களுக்கு இருக்கும். 35 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீண்டகால வைப்பு, அது 10 ஆண்டுகள் வரை. இரண்டுமே பேக்கப்தான். ரீஸ்டோர் செய்தால் அது புதிய பெயரில் இன்னொரு தரவுத்தளமாகத்தான் வரும், இருப்பதன் மேல் எழுதாது. "எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்" என்று கேள்வியில் இருந்தால் நீண்டகால வைப்பு என்று கை போகும். கூடவே "அடிக்கடி பார்க்க வேண்டும்" என்றிருந்தால் கையை நிறுத்துங்கள்.

எத்தனை ஆண்டு என்பதைத் தேர்வு சொல்லாது, சட்டம்தான் சொல்லும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கை எடுத்துக்கொண்டால் 2031 டிசம்பர் வரை போகிறது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும் நீளலாம். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு எட்டு நிதியாண்டுகள் என்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற தடத்தை அணைக்க முடியாதபடி கணக்கு மென்பொருள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் கம்பெனிகளுக்கு வந்துவிட்டது. தரவுத்தளங்கள் இவ்வளவு வேகமாக வீங்குவதற்கு இந்தத் தடமும் ஒரு காரணம். இடம் போதவில்லை என்று அதை அழித்து வைப்பவர் ஆடிட்டர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, பழையதைப் பிரிப்பது எப்படி? வேறோர் அட்டவணைக்கு நகலெடுத்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு முந்தைய வரிகளை ஒரே கட்டளையில் அழிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மாற்றும் வரிகளை மற்றவர் தொடாதபடி சர்வர் பூட்டி வைக்கும். ஒரே கட்டளை ஓர் அட்டவணையில் சுமார் 5,000 பூட்டுகளைத் தாண்டினால் சர்வர் முழு அட்டவணையையுமே பூட்டப் பார்க்கும். பூட்டிவிட்டால் கடையில் பில் போடுபவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லாக் கோப்பும் ஊதிப் பெருகும். ஆகவே 2,000, 3,000 வரிகளாக, இடையிடையே லாக் பேக்கப் எடுத்துக்கொண்டே அழிக்க வேண்டும். அழித்த பிறகு கோப்பின் அளவு குறையவில்லையே என்று பதற வேண்டாம். காலியான இடம் கோப்புக்குள்ளேயே இருக்கும், புதிய வரிகள் அதில் வந்து உட்காரும். சுருக்கும் கட்டளையை வாரந்தோறும் ஓடவிட்டால் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்கள் சிதறி, வேகம் குறைவதுதான் மிச்சம்.

நிதியாண்டு வாரியாக அட்டவணையைப் பகுதிகளாகப் பிரித்து (பார்ட்டிஷன்) வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஓராண்டின் பகுதியைத் தனி அட்டவணைக்கு 'ஸ்விட்ச்' செய்வதில் தரவு நகர்வதே இல்லை, சர்வரின் குறிப்பேட்டில் உரிமை மட்டும் மாறுகிறது. கோடி வரிகளானாலும் கண் இமைப்பதற்குள் முடியும். இரு அட்டவணைகளும் ஒரே அமைப்பிலும் ஒரே ஃபைல்குரூப்பிலும் (தரவுக் கோப்புகளின் தொகுதி) இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2016 சர்வீஸ் பேக் 1 முதல் எக்ஸ்பிரஸ் பதிப்பிலும் பார்ட்டிஷன் கிடைக்கிறது. பழைய புத்தகங்களில் இதை என்டர்பிரைஸ் பதிப்பின் வசதி என்றே போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள்.

பழைய பாடப்பொருள் பற்றி இன்னொரு வார்த்தை. பழைய தரவை அஸூருக்குத் தானாக நீட்டிக்கும் 'ஸ்ட்ரெச் டேட்டாபேஸ்' பற்றி விரிவாகச் சொல்லும் வீடியோவைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள். 2016-இல் வந்த அந்த வசதி 2022-இலேயே கைவிடப்பட்ட பட்டியலுக்குப் போய்விட்டது. வினவல் எழுதும் கருவியான அஸூர் டேட்டா ஸ்டுடியோவுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். களவாடிய வினாத்தாள்கள் என்று விற்பவற்றில் இவையெல்லாம் இன்னும் உயிரோடு உலவுகின்றன. அது முறைகேடு என்பதோடு, காசு கொடுத்துத் தவறான விடையை வாங்கும் காரியமும் ஆகும். மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்திலேயே பயிற்சித் தேர்வு இலவசமாக இருக்கிறது.

பயிற்சிக்கு டெவலப்பர் பதிப்பு இலவசம். என்டர்பிரைஸில் உள்ள வசதிகளெல்லாம் அதில் இருக்கின்றன, நிஜ வியாபாரத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது. மைக்ரோசாஃப்ட் தரும் மாதிரித் தரவான அட்வென்ச்சர்வொர்க்ஸ் மிகச் சிறியது. அதில் எதைச் செய்தாலும் வேகமாகத்தான் ஓடும், ஒன்றும் புலப்படாது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பொதுத் தரவு எஸ்க்யூஎல் சர்வர் வடிவில் கிடைக்கிறது: 2010 வரையிலானது சுமார் 10 ஜிபி, 2013 வரையிலானது சுமார் 50 ஜிபி. பெரியதை இறக்கி, அழித்து, பிரித்து, உடைத்துப் பாருங்கள். அஸூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸிலும் மாதாந்திர அளவு ஒன்றுக்குள் இலவசமாகப் பழகலாம்.

ரீஸ்டோரைக் கையால் செய்து பழகாமல் தேர்வுக்குப் போகக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. ஞாயிறு முழு பேக்கப், தினமும் இரவு டிஃபரன்ஷியல் (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டும்), 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் என்று அமைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை 11.40-க்கு வாடிக்கையாளர் அட்டவணையை யாரோ அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில், இன்னும் பேக்கப் ஆகாமல் மிச்சமிருக்கும் லாக்கின் வாலைப் பேக்கப் எடுக்க வேண்டும். பிறகு ஞாயிற்றின் முழு பேக்கப், செவ்வாய் இரவின் டிஃபரன்ஷியல் மட்டும் (திங்கள் இரவினுடையது தேவையில்லை), அதன் பின் லாக்குகள் வரிசையாக. கடைசி லாக்கில் 11.39 என்று நேரம் குறித்து நிறுத்த வேண்டும். அதுவரை ஒவ்வொரு படியிலும் 'நோ ரிகவரி' (இன்னும் பேக்கப் வரும், தரவுத்தளத்தைத் திறக்காதே என்ற குறிப்பு) போட மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதை இருமுறை விரலால் செய்தவர்களுக்குத் தேர்வில் படிகளை வரிசைப்படுத்தும் கேள்வி வெறும் கையெழுத்துப் போடும் வேலை.

லாக் கோப்பு ஏன் வளர்கிறது என்ற கேள்வியும் தவறாமல் வரும். தரவுத்தளத்தை முழு ரிகவரி முறையில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை லாக்கை வைத்திருக்கும் அமைப்பு) வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காவிட்டால், முழு பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது. தரவுத்தளங்களின் நிலையைப் பட்டியலிடும் சிஸ்.டேட்டாபேசஸ் காட்சியில் லாக் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் நெடுவரிசை ஒன்று உண்டு. 'லாக் பேக்கப்' என்று அங்கே இருந்தால் காரணம் அதுதான்.

பேக்கப் வெற்றி என்று பச்சை நிறம் காட்டுவதை நம்பலாமா? 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால், கருவியின் பதிப்பு பொருந்தாததால் அது எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். அவர்களே இதை ஒளிக்காமல் எழுதினார்கள். அது போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளம்தான், ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொது. ரீஸ்டோர் செய்து, தரவு சிதைந்திருக்கிறதா என்று சோதிக்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை ஓட்டி, கடைசி பில் எண் சரியா என்று பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை.

பாதுகாப்புப் பகுதியில் மூன்று வசதிகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிடிஇ (டிரான்ஸ்பரன்ட் டேட்டா என்கிரிப்ஷன்) வட்டில் உள்ள கோப்பையும் பேக்கப்பையும் குறியாக்கம் செய்யும். உள்ளே நுழைந்தவருக்கு எல்லாம் தெரியும். டைனமிக் மாஸ்கிங் திரையில் மட்டும் மறைக்கும்; வினவல் எழுதத் தெரிந்தவர் ஊகித்துக் கண்டுபிடிக்கலாம். ஆல்வேஸ் என்கிரிப்டட் சாவியைச் செயலியின் பக்கம் வைப்பதால் நிர்வாகியே பார்க்க முடியாது. "தரவுத்தள நிர்வாகி பார்க்கக் கூடாது" என்ற சொற்கள் இருந்தால் மூன்றாவது. "செயலியை மாற்றக் கூடாது" என்றால் முதல் இரண்டில் ஒன்று. உங்கள் சொந்த சர்வரில் டிடிஇ போடும்போது சான்றிதழையும் அதன் தனிச்சாவியையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அவை இல்லாமல் பேக்கப் கோப்பு இன்னொரு சர்வரில் திறக்காது. மைக்ரோசாஃப்டும் திறந்து தர முடியாது.

தேர்வுக்கு வெளியே, வேலையில் பார்க்க வேண்டியவை இரண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் 1433 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கும் சர்வரின் பிழைப் பதிவைத் திறந்தால் உள்நுழைவுத் தோல்வியைக் குறிக்கும் 18456 என்ற எண் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். யாரோ 'எஸ்ஏ' என்ற தலைமை நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, பேக்கப் போகும் இடத்தில் அந்த சர்வரின் கணக்குக்கு அழிக்கும் உரிமை இருந்தால், பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) வரும்போது பேக்கப்பும் சேர்ந்தே போகும். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு.

தேர்வு நாளைப் பற்றிக் கொஞ்சம். 2023 முதல் தேர்வுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களைத் திறந்து பார்க்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. எண்களைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "இந்தத் தீர்வு பொருந்துமா, ஆம் அல்லது இல்லை" என்று தொடர்ச்சியாக வரும் கேள்விகளுக்கு விடை போட்டுவிட்டால் திரும்பிச் செல்ல முடியாது. வீட்டிலிருந்து எழுதலாம் என்றாலும், மின்சாரத்தையும் இணையத்தையும் நம்ப முடியாத ஊர்க்காரர்கள் கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் உள்ள மையத்துக்குப் போய்விடுவது நல்லது. பதிவு செய்யும்போது பெயரில் கவனம் தேவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அடையாள அட்டையில் இனிஷியல் சுருக்கமாக இருந்து, பதிவில் அப்பா பெயரை விரித்து எழுதியிருந்தால் வாசலிலேயே சிக்கல் வரும். அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

சான்றிதழ் ஓராண்டுக்குத்தான். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து புதுப்பிக்கும் தேர்வு திறக்கும். அது இலவசம், கண்காணிப்பும் இல்லை, வீட்டிலிருந்தே எழுதலாம். நினைவூட்டும் மின்னஞ்சல் பதிவு செய்த முகவரிக்குத்தான் வரும் என்பதால் அலுவலக முகவரியைக் கொடுக்காமல் சொந்த முகவரியைக் கொடுத்து வையுங்கள்.