கார்லைல் 1912: ஒரு சீசனின் கணக்கைத் திரும்பக் கட்டுவது

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கால்பந்து சீசனின் கணக்கை எடுக்க உட்கார்ந்தால், செய்தித்தாளுக்கு முன்னால் அந்த வருஷத்து விதிகளைக் கையில் எடுக்க வேண்டும். 1912-க்கு இது கட்டாயம். அதுவரை டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்கு, 5 புள்ளி. அந்த வருஷம் 6 ஆனது. பத்து யார்டு முன்னேற மூன்று முயற்சி என்பது நான்கானது. மைதானம் 110 யார்டிலிருந்து 100-ஆகச் சுருங்கியது. முன்னோக்கி எறியும் பந்துக்கு இருந்த 20 யார்டு வரம்பும் போயிற்று. இது தெரியாமல் 1911 ஸ்கோரையும் 1912 ஸ்கோரையும் அருகருகே வைத்தால் ஒப்பீடே தப்பு.

பென்சில்வேனியாவிலிருந்த கார்லைல் இந்தியன் பள்ளி (இங்கே இந்தியன் என்றால் அமெரிக்கப் பழங்குடி) அந்த சீசனில் 14 ஆட்டம் ஆடியது. பெயருக்குத்தான் தொழிற்பள்ளி, மோதியது கல்லூரிகளோடும் பல்கலைக்கழகங்களோடும். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து வளர்த்த இடம் அது. அதைச் சொல்லாமல் வெற்றிகளை மட்டும் எழுதக் கூடாது. பயிற்சியாளர் பாப் வார்னர். 12 வெற்றி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 26-34 என்று ஒரு தோல்வி, வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சனோடு 0-0 என்று ஒரு சமன். எடுத்த புள்ளி 504, விட்டது 114.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு அணிகளின் ஊர்ப் பத்திரிகைகளையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஜெயித்த ஊர்க்காரர் ஓட்டங்களை விரிவாக எழுதுவார். தோற்ற ஊர்க்காரர் யார் எங்கே தடுமாறினார் என்று எழுதுவார். இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். அப்போது சட்டையில் எண் போடும் வழக்கம் பரவவில்லை. சேற்றில் எல்லாச் சட்டையும் ஒரே நிறமாகிவிட, நிருபர் பெயரை மாற்றிப் போட்டுவிடுவார். கார்லைல் அணியில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஜிம் தோர்ப் என்பதால், மற்றவர்கள் ஓடியதும் அவர் கணக்கில் ஏறும் அபாயம் எப்போதும் உண்டு.

நவம்பர் 9, வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அணியோடு நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். ஸ்கோர் 27-6. கார்லைலின் 27-ஐ நான்கு டச் டவுன், அதன் பின்னான, தலா 1 புள்ளி தரும் உதை மூன்று என்று பிரிக்கலாம்: 24 + 3. மூன்று டச் டவுன், மூன்று உதை, இரண்டு ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவே கோல் கம்பங்களுக்கு இடையே உதைப்பது, தலா 3 புள்ளி) என்றாலும் அதே 27 வரும்: 18 + 3 + 6. ஆக, கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டது என்பதற்காகப் பிரித்தது சரி என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் எந்தக் குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்), யாரால் என்று வரிசையாக எழுதிய பிறகே கூட்ட வேண்டும். அப்படி எழுதினால் முதல் வகையே நிற்கிறது. அந்த நான்கு டச் டவுனில் மூன்று, தோர்ப்பின் சக வீரர் அலெக்ஸ் அர்காசாவுடையவை. ஆனாலும் அந்த ஆட்டம் என்றதும் தோர்ப் பெயரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அர்காசாவின் பெயர் அந்த வரியில் இடம்பெற வேண்டும் என்பதற்காகவாவது இந்த வேலையைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

தோர்ப்பின் அந்த சீசன் மொத்தக் கணக்கிலும் இரண்டு விடை உலவுகிறது. பழைய எண் 25 டச் டவுன், 198 புள்ளி. பிற்கால ஆய்வில் வந்தது 27 டச் டவுன், 224 புள்ளி. வித்தியாசம் 26. கூடுதலான இரண்டு டச் டவுனுக்கு 12 போக, மீதி 14 உதையில் வந்தாக வேண்டும். அதாவது பழைய கணக்கில் உதைகளும் விடுபட்டிருக்கின்றன. உதைகள் செய்தியில் அரை வரிகூடப் பெறாததால் முதலில் தொலைவது அவைதான்.

தோர்ப் ஓடிய தூரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 191 ஓட்டம், 1,869 யார்டு என்ற எண்ணில் 14-இல் இரண்டு ஆட்டங்கள் இல்லை; முழுப் பதிவு கிடைக்காததால் விடப்பட்டவை. அந்த இரண்டுக்கும் சராசரி போட்டு நிரப்பக் கூடாது, கட்டத்தை வெற்றாகவே விட வேண்டும். உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடிய தூரத்தைச் சில நிருபர்கள் சாதாரண ஓட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். அதைத் தனிப் பத்தியில் போட வேண்டும்.

தேதி வரிசையையும் விடக் கூடாது. அக்டோபர் 26 சனிக்கிழமை ஜார்ஜ்டவுனோடு 34-20. திங்கட்கிழமையே டொராண்டோவோடு ஆட்டம், 49-1. அந்த ஒற்றை 1-ஐ அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். கனடா நாட்டுக் கால்பந்து விதியில் ஒற்றைப் புள்ளியும் எடுக்க முடியும்.