காய்ச்சல் கணக்கு

விளையாட்டு வீரர்களின் உடல்நிலையை ஆராயும் குழுவில் வேலை என்றதும், டிரெட்மில்லில் ஓடவிட்டு மூச்சை அளப்பது, ரத்தம் எடுப்பது என்றுதான் நினைக்கிறார்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் என் வேலையில் பாதி ஒரு தாள். விடுதிப் பிள்ளைகள் காலையில் மைதானத்துக்குப் போகும் முன் அதை நிரப்பித் தர வேண்டும். எத்தனை மணி நேரம் தூக்கம், எழுந்ததும் நாடித் துடிப்பு எவ்வளவு, தொண்டை வலி, மூக்கடைப்பு, இருமல், வயிற்றுப்போக்கு உண்டா.

தேர்வுப் போட்டி நெருங்க நெருங்க அந்தத் தாளில் ஒரு அதிசயம் நடக்கும். ஒருவருக்கும் ஒரு நோயும் இருக்காது. தொண்டை கட்டிக் குரலே வராத பெண் எதிரில் நின்று, "ஒண்ணுமில்ல சார், நேத்து ஐஸ் தண்ணி குடிச்சேன்" என்பாள். எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்திருப்பாள். நாடித் துடிப்பு மட்டும் வழக்கத்தைவிடப் பத்து, பன்னிரண்டு கூடியிருக்கும். அதையும் மாற்றி எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

அவள் மேல் கோபம் வராது எனக்கு. காய்ச்சல் என்று எழுதினால் கோச் உட்கார வைத்துவிடுவார். ஒரு தேர்வை விட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் தள்ளிப் போகும். மருந்து பயம் வேறு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்ட் ஆந்த்ரேயா ரதுகான், அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் அப்போது தடையில் இருந்த சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து இருந்ததால் தங்கத்தையே இழந்தார். ஊக்கமருந்து வகுப்பில் அந்தக் கதையைச் சொன்னதே நாங்கள்தான். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை போடாதே என்பதற்காகச் சொன்னோம். பிள்ளைகள் எடுத்துக்கொண்டது, சளி பிடித்தால் வாயைத் திறக்காதே என்று.

இந்தத் துறையின் புகழ்பெற்ற எண்களும் இப்படிக் கேட்டு வாங்கியவைதான். கேப் டவுனில் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டம் ஓடியவர்களை, அதே வீட்டில் வசிக்கும் ஓடாதவர்களோடு பீட்டர்ஸ், பேட்மன் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் ஓடியவர்களில் 33.3 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 15.3 சதவீதம் பேருக்கும் சளி, தொண்டைத் தொந்தரவு என்று 1983இல் எழுதினார்கள். 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் டேவிட் நீமனின் ஆய்வுக் குழுவுக்குக் கிடைத்தது ஓடியவர்களில் 12.9, ஓடாதவர்களில் 2.2 சதவீதம். கடும் ஓட்டத்துக்குப் பின் எதிர்ப்பு சக்தி சில மணி நேரம் இறங்கிவிடும், கிருமிக்கு ஜன்னல் திறந்து கிடக்கும் என்ற கருத்து இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. ஆனால் 2007இல் ஸ்பென்ஸின் ஆய்வுக் குழு, கிருமி இருக்கிறதா என்று மாதிரிகள் எடுத்துச் சோதித்தபோது, நோய் என்று சொன்ன 37 தடவைகளில் 11இல் மட்டுமே கிருமி சிக்கியது. மற்றவை? அலர்ஜியாக இருக்கலாம், வாயால் மூச்சு வாங்கி வறண்ட தொண்டையாக இருக்கலாம். தொந்தரவு என்னவோ உண்மை. அதற்குக் கிருமிதான் காரணமா என்பது தனிக் கேள்வி. 2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தின் கேம்பலும் டர்னரும் அந்த ஜன்னல் கருத்தையே மறுத்து எழுதினார்கள்.

சரி, எங்கள் தாளுக்கு வருகிறேன். கோச்சின் மேஜை வழியாகப் போய்க்கொண்டிருந்த தாளை நேராக மருத்துவரிடம் போகும்படி மாற்றினோம். அப்புறம் பாருங்கள், எத்தனை பேர் நோய் என்று எழுதினார்கள் என்று காட்டும் வரைபடம் கிடுகிடுவென்று ஏறியது. மூக்கடைப்பு, இருமல், மாதவிடாய் நின்றுபோனது வரை எழுத ஆரம்பித்தார்கள். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடல் முதலில் நிறுத்தி வைக்கும் காரியங்களில் அதுவும் ஒன்று. கவனிக்காமல் விட்டால் எலும்பில் கீறல் விழும் வரை போகும். ஆய்வகத்தில் எத்தனை ரத்தம் எடுத்தும் எங்களுக்குத் தெரியாமல் இருந்ததை ஒரு தாள் சொன்னது.

மேலிடத்துக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "கேம்ப்ல எல்லாருமே நோயாளி ஆயிட்டாங்களா?" என்று கேட்டு, சமையலறை வரை ஆய்வு நடந்தது. சாம்பார் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பயிற்சிக்கு வராத நாட்கள் கூடவில்லை, நோயைச் சொல்வதுதான் கூடியிருக்கிறது என்று விளக்கினேன். தலையாட்டினார்கள்.

கோச் சண்டைக்கே வந்தார். "யாருக்கு என்னன்னு தெரியாம நான் எப்படிப் பயிற்சி கொடுக்கிறது?" நியாயமான கேள்வி. காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு, அவருக்கும் அந்தக் கவலைதான். இப்போதைக்கு மருத்துவர் காரணம் சொல்லாமல் "இன்று வேண்டாம்", "இன்று மெதுவாக" என்று மட்டும் எழுதி அனுப்புகிறார். கோச் முகத்தைப் பார்த்தே மீதியைக் கண்டுபிடித்துவிடுகிறார். வரைபடத்தில் தாள் கைமாறிய தேதியில் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டாம் என்று அடியில் எழுதி வைத்திருக்கிறேன். அறிக்கை மேலே போகும்போது அந்த வரியை மட்டும் யாரோ எடுத்துவிடுகிறார்கள்.