ரோஸ்ஹில்லில் ஒரு மக்கு வாளி

மதுரையிலிருந்து மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வந்த புதிதில், ரோஸ்ஹில் நகரில் உள்ள என் அறையிலிருந்து வாரந்தோறும் எவ்வளவு குப்பை வெளியேறுகிறது என்பதை நான் கவனித்ததே இல்லை. கறுப்புப் பையை முடிச்சிட்டு வாசலில் வைத்தால் லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். சுமார் 1,865 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவுக்கு மார் ஷிகோஸ் என்ற ஒரே ஒரு குப்பைக் கிடங்குதான் இருக்கிறது என்றும், 1997 முதல் அங்கேயே கொட்டிவருகிறார்கள் என்றும், அதில் பாதிக்கு மேல் மக்கக்கூடிய கழிவே என்றும் வகுப்பில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மதுரைக் குப்பைக் கிடங்கு இருக்கும் வெள்ளக்கல் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று மாலையே மூடியுள்ள வாளி ஒன்று வாங்கி, அடியில் துளைகள் இட்டு, சமையலறைக்கு வெளியே படிக்கட்டில் வைத்தேன். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, புளித்துப்போன சோறு என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டேன். இங்கே கோடையான ஜனவரி வெயிலில் பத்தே நாளில் உள்ளே கொழகொழவென்று கறுத்து, மூடியைத் திறந்தால் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. நாற்றம் கீழ்வீடு வரை இறங்கியது. திருச்சிக்காரியான அறைத்தோழி, "வாளி போகணும், இல்லன்னா நான் போகணும்" என்று சொல்லிவிட்டாள். மக்கு வாளியா, அதை வைத்த நான் மக்கா என்று அவள் கேட்டதையும் இங்கே பதிவு செய்வதுதான் நியாயம்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவை நாங்கள் 'தாந்தீன்' என்று கூப்பிடுவோம். இந்தத் தீவில் பேசும் கிரியோல் மொழியில் அத்தை, சித்தி எல்லாருக்கும் அது பொது. பள்ளியில் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றவர். ஆனால் பேச்சு முழுவதும் கிரியோல்தான். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டு இறங்கினால், அவர் வாளியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முற்றத்தில் உதிர்ந்து கிடந்த மா, லிச்சி இலைச் சருகைக் கூடையில் அள்ளி வந்து, நொறுக்கி, உள்ளே கொட்டி ஒரு குச்சியால் கிளறினார். ஈரமான கழிவு ஒரு பிடி என்றால் சருகு இரண்டு பிடி. சோறு வேண்டவே வேண்டாம். அவ்வப்போது கிளறிக் காற்று புகவிட வேண்டும். காற்றில்லாமல் அழுகுவதால்தான் நாற்றம் என்பது எனக்குப் பாடத்தில் வந்த விஷயம்தான், ஆனால் சருகு என்ற சொல் அந்தப் பாடத்தில் வரவில்லை. நான்கு நாளில் வாளியில் மண்வாசனை வரத் தொடங்கியது.

சந்தைக்குப் போகும்போது அவர் கையில் தாழை ஓலையில் பின்னிய கூடை ஒன்று இருக்கும், 'தாந்த்' என்பார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் இங்கே தடை வந்தபோதும் தன் கூடை மாறவில்லை என்று பெருமையாகச் சொல்வார். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். சந்தையில் முருங்கைக்கீரையை 'பிரேத் முரும்' என்றும் கறிவேப்பிலையை 'கரிப்புலே' என்றும் கூவி விற்பதைக் கேட்டபோது, ஊர் நினைவில் தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன். அதில் பாதி வாடி வாளிக்குத்தான் போனது. கீரைக்கு நான் நீட்டிய, தமிழ் எண்ணும் அச்சிட்ட மொரீஷியஸ் 50 ரூபாய் நோட்டே பிளாஸ்டிக்கால் ஆனது என்பது வேறு கதை.

பயணத்தில் எனக்குப் பெருமை பாராட்ட ஒன்றும் இல்லை. மெட்ரோ ரயில் 2023இல் ரெதுயி வரை வந்துவிட்டதால், ரோஸ்ஹில்லில் ஏறினால் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம்.

தோற்றது குடிநீர் விஷயத்தில். பெருமழை பெய்தால் குழாயில் கலங்கல் நீர் வரும். காய்ச்சிக் குடிக்கலாம் என்று மின்கெட்டிலை வைப்பேன். கரும்பு வெட்டும் மாதங்களில் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளில் சில, வெட்டு முடிந்தபின் நிலக்கரிக்கு மாறிவிடுகின்றன. கலங்கல் நீர் வருவதோ பெரும்பாலும் அந்த நிலக்கரி மாதங்களில்தான். ஆகவே நிலக்கரியா, பிளாஸ்டிக் பாட்டிலா என்று எனக்குள் வழக்கு நடத்தி, தேர்வு நாட்களில் பாட்டில் பக்கமே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

போன வாரம் வாளியிலிருந்து முதல் உரத்தை எடுத்தேன். கறுப்பாக, உதிரியாக, இரண்டு கிலோ இருக்கும். தாந்தீன் அதைத் தன் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டிவிட்டு, பதிலுக்கு ஒரு கொத்து ஒடித்து, கடைப் பெயர் மங்கிப்போன பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார். நான் பார்த்த பார்வையைக் கண்டு சிரித்தார்: தடைக்கு முன்பு வாங்கிய பையாம், இன்றுவரை கழுவிக் கொடியில் காயப்போட்டு வைத்திருக்கிறாராம், இலையை எடுத்துக்கொண்டு பையை மறக்காமல் திருப்பித் தரச் சொன்னார்.