நிலுவை நிமிடங்கள்

யூன் 3

11 நிமிடம். நிலுவை 29.

யூன் 5

டொக்டர் சொன்னது 40 நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். என்ன வேகத்தில் நடப்பது என்று கேட்டேன். "கதைக்க ஏல வேணும், பாட ஏலக்கூடாது. அதுதான் அளவு, தம்பி." இரணைமடுக் குளக்கட்டில் ஆளில்லாத இடம் பார்த்துப் பாடினேன். நன்றாகவே பாட முடிந்தது. அப்ப வேகம் காணாது.

அம்மாவுக்கு இதெல்லாம் பகிடி. "நடந்தால் மண்டை தெளியுமெண்டால், 2009இல விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் எண்டு நடந்த சனமெல்லாம் இண்டைக்குப் புரபெசர்மாராய் இருக்கோணும்." சிரித்துவிட்டேன். அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நானும்தான் அதில் நடந்தேன்.

யூன் 6

அந்த அக்காவின் பெயர் என்ன? வட்டக்கச்சி, வாய்க்கால் கரை வீடு, படலையடியில் கொய்யா, விறாந்தையில் தையல் மெசின். கிழமைக்காசு என்று நாங்கள் கொடுத்த கடனின் தவணைக்கு மூன்று வருடமாகக் கிழமைக்குக் கிழமை கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கையெழுத்தின் வளைவுகூடக் கண்ணுக்குள் நிற்கிறது. பெயர் மட்டும் இல்லை.

யூன் 9

போகவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

யூன் 11

கடைக்காரர் மிச்சக் காசு தந்தார். 1000இல் 660 போனால் எவ்வளவு? கைபேசியை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். பதினைந்து பெண்களின் தவணையை மனக்கணக்காகக் கூட்டிய ஆள் நான். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். நல்ல மனிதர்.

யூன் 13

வேலையில் அவிஞ்சுபோய்க் கிடக்கும் இதற்குப் பெயர் பேர்னவுட்டாம் (burnout). உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது, ஆனால் நோயாக அல்ல, வேலையால் வரும் ஒரு நிலையாக. அலுவலகம் கேட்கும் லீவுப் படிவத்தில் 'நோயின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டுத்தான் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யூன் 17

26 நிமிடம். நிலுவை 14. போகும்போது சோளகக் காற்று முகத்தில் அறைந்தது, வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது.

இரவு வாசித்தது: 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு. 120 பேர், எல்லாரும் 55 தாண்டியவர்கள். பாதிப் பேர் ஒரு வருடம், கிழமைக்கு மூன்று நாள், 40 நிமிடம் வீதம் நடந்தார்கள். மூளையில் ஞாபகத்தைப் பிடித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் அவர்களுக்கு 2 வீதம் பெருத்ததாம். உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றப் பாதிக்குச் சுருங்கியது. அவர்கள் வயதானவர்கள், என்னைப் போல அவிஞ்சுபோனவர்கள் அல்ல. சரி. ஆனால் வருடத்துக்கு 2 வீதம்! நாங்கள் கிழமைக்காசில் எடுத்த வட்டி எவ்வளவென்று அந்த அக்காவுக்குத் தெரியும்.

பெயர் வரவில்லை.

யூன் 20

நிலுவையை ஒரேயடியாகத் தீர்க்க நினைத்து 55 நிமிடம் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

யூன் 21

எழும்ப முடியவில்லை.

யூன் 22

முடியவில்லை. மின்விசிறிச் சத்தமே தலைக்குள் அடிக்கிறது.

யூன் 24

டொக்டர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நிலுவை நிரலில் விரல் வைத்தார். "இதை ஆர் கேட்டது? உங்களிட்ட நீங்களே கலெக்சனுக்குப் போறீங்களோ?" பதில் சொல்லவில்லை. 20 நிமிடத்துக்குக் குறைக்கச் சொன்னார். இனிமேல் கூட்டுவதென்றால் மெல்ல மெல்லத்தானாம்.

யூன் 28

20. நித்திரை வந்தது, கனவில்லாமல் ஆறு மணித்தியாலம். பெயர் வரவில்லை.

யூலை 2

வட்டக்கச்சி றோட்டில் அந்த அக்காவைக் கண்டேன். சைக்கிள் கூடையில் வெட்டிய துணிக் கட்டு. என்னைக் கண்டதும் சட்டென்று இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு யாரோ ஒருவரின் வளவுக்குள் போய்விட்டார். வேலி இடுக்கால் அவருடைய செருப்புத் தெரிந்தது. அசையவில்லை. நான் போகும்வரை அங்கேயே நிற்கப் போகிறார். காசுக்கு வரவில்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எதற்கு நிற்கிறாய் என்றால்? பெயர் கேட்க என்றா? மூன்று வருடத்துக்குப் பிறகா?

திரும்பிப் பாராமல் நடந்தேன். எத்தனை நிமிடமென்று தெரியாது.

யூலை 5

24. வாயெல்லாம் பாலைப்பழப் பிசின்.