ஐடிலிங்கில் குலுங்கும் லைகமிங்: மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொடுங்கள்

செஸ்னா 172 மாதிரியான சிறு விமானங்களில் வரும் நான்கு சிலிண்டர் லைகமிங் இன்ஜின் ஐடிலிங்கில் (த்ராட்டிலை மூடி மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது) குலுங்குகிறது, நடுநடுவே ‘டப்’ என்று வெடிக்கிறது. இந்தப் புகார் வந்தால் பலரும் முதலில் கை வைப்பது, ஐடிலிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் கார்புரேட்டரின் ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவில்தான். கொஞ்சம் திருப்பினால் சத்தம் அடங்கும். ஆனால் உள்ளே இருக்கும் கோளாறு அப்படியேதான் கிடக்கும். அது எங்கே என்று தெரியும்வரை ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

ஈரப்பதமான நாளாக இருந்தால் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழ்) ஒரு நிமிடம் இழுத்துவைத்துப் பாருங்கள். வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். உருகும் தண்ணீர் உள்ளே போவதால் முதலில் இன்னும் மோசமாகக் குலுங்கி, பிறகு சரியானால் வேறெதையும் கழற்ற வேண்டாம்.

அடுத்து, வெடி எந்தப் பக்கம் என்று காது கொடுங்கள். கலவையில் பெட்ரோல் குறைந்தால் நெருப்பு மெதுவாக எரியும். இன்டேக் வால்வு திறக்கும்போதும் அணையாமல் இருந்து கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கும். சைலன்சர் பக்கம் வெடித்தால் கதை வேறு. சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாயில் பற்றிக்கொள்கிறது. அங்கே பெட்ரோல் அதிகமாக இருக்கும், அல்லது ஸ்பார்க் விட்டுவிட்டு வரும்.

ஐடிலிங்கில் மட்டும் குலுங்கி, ஃபுல் த்ராட்டிலில் சுத்தமாக ஓடினால் முதல் சந்தேகம் இன்டேக் குழாயில் காற்று இழுப்பது. த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் குழாய்க்குள் வெற்றிடம் மிக அதிகம். உள்ளே போகும் மொத்தக் காற்றும் அப்போது குறைவு என்பதால் மயிரிழை ஓட்டைகூட கலவையைக் கெடுத்துவிடும். முழுதாகத் திறந்தால் உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், ஓட்டை இருப்பதே தெரியாது. சிலிண்டரில் குழாய் சேரும் இடத்து கேஸ்கெட்டையும், மறுமுனையில் எண்ணெய்த் தொட்டியோடு இணைக்கும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். ரப்பர் இறுகிப்போயிருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும். விமான பெட்ரோலான 100எல்எல்லின் நீலக் கறை படிந்திருந்தால் அது பெரிய துப்பு. உறுதி செய்ய, வாக்குவம் கிளீனரின் ஊதும் முனையை ஏர் இன்டேக்கில் வைத்து, த்ராட்டிலைத் திறந்து, இணைப்புகள் மேல் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை எழும் இடம்தான் ஓட்டை. ஏதாவது ஒரு வால்வு திறந்திருக்கும் என்பதால் எக்ஸாஸ்டில் காற்று வந்தால் பயப்பட வேண்டாம். புது கேஸ்கெட் போடும்போது இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலில் இறுக்கினால் ஃபிளாஞ்ச் சாய்ந்து உட்காரும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ப்ரைமர், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குப் பெட்ரோல் அடிக்கும் கைப் பம்ப். குமிழைப் பூட்டாமல் விட்டாலோ உள்ளே ஓ-ரிங் தேய்ந்தாலோ, அதே வெற்றிடம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கரும்புகையும் ப்ளக்கில் கரியும் சாட்சி. காக்பிட்டில் பெட்ரோலைக் குறைக்கும் மிக்ஸ்சர் குமிழை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது இன்ஜின் நிதானமானால் இங்கே தேடுங்கள்.

காற்றிலும் பெட்ரோலிலும் குறையில்லை என்றால் மேக்னெட்டோ, அதாவது ப்ளக்குகளுக்கு ஸ்பார்க் தரும் கருவி; இன்ஜினில் இரண்டு இருக்கும். பழைய 172 கையேடுகளில் 1700 ஆர்பிஎம்மில் ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டும்போது 125-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. கொஞ்சமும் இறங்காவிட்டாலும் ஆபத்துதான்: தரை இணைப்புக் கம்பி அறுந்து மேக்னெட்டோ அணையாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட இன்ஜினின் ப்ரொப்பெல்லரைக் கையால் தொடாதீர்கள். சோதிக்கும்போது சாவி தவறி ஆஃப் வரை போய்விட்டால் பதறி உடனே திருப்பாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்திருக்கும், ஒரே வெடியில் கிழித்துவிடும். த்ராட்டிலை மூடி, மிக்ஸ்சரை இழுத்து, இன்ஜினை நிற்க விடுங்கள்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கோளாறான மேக்னெட்டோவில் மட்டும் அரை நிமிடம் ஓட்டி, அதிலேயே மிக்ஸ்சரை இழுத்து நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் வெப்பமானியை நான்கு எக்ஸாஸ்ட் குழாய்க்கும் காட்டினால் வேலை செய்யாதது குளிர்ச்சியாக நிற்கும். அதன் கீழ் ப்ளக்கைக் கழற்றினால் பெரும்பாலும் பெட்ரோலில் உள்ள ஈயம் மணிகளாக உருண்டு கிடக்கும். சுரண்டி எடுத்து, ப்ளக் முனைகளின் இடைவெளியை 0.016 முதல் 0.021 அங்குலத்துக்குள் வைத்து, புது செம்பு வாஷரோடு 35 அடி-பவுண்டில் முடுக்குங்கள். கீழே விழுந்த ப்ளக்கைத் திரும்பப் போடவே கூடாது. உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ப்ளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றியும் கோளாறு அதே இடத்தில் இருந்தால் ஒயரையும், ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கையும் பாருங்கள். பிளாக்கில் விரிசலோ கரிக்கோடோ இருந்தால் ஸ்பார்க் தப்பான சிலிண்டருக்குத் தாவும். அங்கே இன்டேக் வால்வு திறந்திருந்தால் வரும் வெடி சாதாரணமாக இருக்காது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குலுங்கி, சூடானதும் சரியாகும் இன்ஜினை ‘தானாகவே போய்விட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு நகரும் கைடில் படிவு சேர்ந்து வால்வு சிக்குகிறது என்பதற்கு அது தெளிவான அறிகுறி. முற்றினால் வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட் வளையும். சூட்டில் எடுக்கும் 80 பிஎஸ்ஐ கம்ப்ரஷன் சோதனையில் இது தப்பிவிடும். கைடின் தளர்வை அளக்கும் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். 1977-80 காலத்து 172என்-இல் வந்த ஓ-320-எச்2ஏடி இன்ஜின் என்றால் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டையும் சந்தேகியுங்கள். தேய்மானத்துக்குப் பெயர்போன இன்ஜின் அது. டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து ஒப்பிட்டால் தேய்ந்தது தனியாகத் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்க்ரூ. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, கார்ப் ஹீட்டை அணைத்து, ஐடிலிங் 600-650 ஆர்பிஎம்மில் நிற்கும்போது மிக்ஸ்சரை மெல்ல இழுங்கள். அணைவதற்கு முன் ஆர்பிஎம் லேசாக ஏற வேண்டும். 50-க்கு மேல் ஏறினால் பெட்ரோல் அதிகம். ஏறாமலே விழுந்தால் குறைவு. ஒவ்வொரு முறை ஸ்க்ரூவை நகர்த்திய பிறகும் 2000 ஆர்பிஎம் வரை கொண்டுபோய் இன்ஜினைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்க்ரூவை எவ்வளவு வெளியே எடுத்தாலும் ஏற்றம் வரவில்லையென்றால் இன்னும் எங்கோ காற்று இழுக்கிறது. சோப்புத் தண்ணீரை மறுபடி எடுங்கள்.