மூங்கில் வாள்

நேற்றிரவு ஜப்பானிய இயக்குநர் மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’ மறுபடி பார்த்தேன். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் சாமுராய்ச் சடங்குக்குத்தான் அந்தப் பெயர். 1962இல் வந்த படம். தூக்கமே வரவில்லை.

எஜமானின் குலம் ஒழிக்கப்பட்டபின் பிழைப்பின்றி வாடும் சாமுராய் ஹன்ஷிரோ. அவன் மருமகன் வறுமையில் தன் வாள்களை விற்றுவிட்டு, வெளியே தெரியாமலிருக்க மூங்கில் வாளைச் செருகியிருக்கிறான். உதவி கிடைக்குமென்று அவன் தேடிப் போன பெரிய குலத்தார் அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைக்கிறார்கள், மானத்தின் பெயரால்! பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆனால் என்னை உடைத்தது அதற்குப் பிறகு வரும் காட்சி. பிள்ளை எல்லாவற்றையும் விற்றிருக்கிறான், எனக்கோ இதை விற்கத் தோன்றவே இல்லையே என்று ஹன்ஷிரோ தன் வாளைத் தூக்கியெறிந்து கதறுகிறானே, அது. நடித்த டட்சுயா நகடாய்க்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

கடைசியில் ஹன்ஷிரோ பெயர்த்தெடுத்து வீசும் அந்தக் குலத்தாரின் பரம்பரைக் கவசத்துக்குள் ஆளே இல்லை.